நாலு மனு, ஒரே வடிகால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. ஒரு குடியிருப்பில் பல சங்கங்கள், பல தலைவர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் குடும்பங்களுக்கு ஆக வேண்டிய வேலை நகரவில்லை. 22 வருடம் ஒரு தெருச் சங்கத்தின் செயலாளராக இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் நான்கு சங்கங்கள். ஒரு தலைவர் கூட்டம் போட்டால் மற்றவர் வருவதில்லை. இவர்களை எப்படி ஒரே இடத்தில் உட்கார வைப்பது?

முதலில் உட்கார வைக்க முயலாதீர்கள். ஒன்றாக நடக்க வையுங்கள்.

எங்களிடமும் நான்கு தெரு, நான்கு சங்கம். மழை வந்தால் நான்கிலும் தண்ணீர் நிற்கும். ஆளுக்கொரு மனு எழுதினோம். எங்கள் தெரு மனுவை எழுதியவள் நான்தான். ‘வேலையை எங்கள் தெருவிலிருந்து தொடங்க வேண்டும்’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். மற்ற மூன்று மனுவிலும் அதே வரி இருந்தது. அதிகாரி நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துக் காட்டியபோதுதான் அது தெரிந்தது. “முதலில் நீங்கள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். அந்த வருட மழைக்காலம் அப்படியே போயிற்று. கடைசித் தெருவில் ஒரு பெண், பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நேரில் பார்த்தேன். நான் போட்ட அந்த அடிக்கோடுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறது.

மழை விட்டதும் நான்கு சங்கத்து ஆட்களும் வடிகாலின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை நடந்தோம். அதைக் கூட்டம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் யார் தலைமை என்ற பேச்சும் வரவில்லை. கையில் ஒரு நீளக் குச்சி, ஒரு நோட்டு. மூடியைத் திறப்பது, குச்சியை விட்டு மண் எவ்வளவு உயரம் என்று பார்ப்பது, எழுதுவது, அடுத்த மூடிக்குப் போவது. ஒன்றரை மணி நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அடைப்பு கடைசித் தெருவில், தண்ணீர் வெளியேறும் வாயில் இருந்தது. அதை விட்டுவிட்டு மேல்தெருவில் எவ்வளவு தூர் வாரினாலும், அந்தத் தண்ணீர் இன்னும் வேகமாக வந்து கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் நுழையும். அதுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மேல்தெருத் தலைவர் ஒருவர், “அப்படியானால் கடைசித் தெருவுக்குத்தான் முதலில் கேட்க வேண்டும்” என்றார். அவர் தெரு அந்த வேலையில் நான்காவதாகத்தான் வரும் என்று தெரிந்தே சொன்னார். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போயிற்று.

ஒரே மனு. நான்கு கையெழுத்து. குச்சியால் அளந்த அளவெல்லாம் கூடவே இணைத்தோம். அந்த மனுவை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இதைவிடப் பெரிய பகையைக் கடந்தவர்கள் உண்டு. சிகாகோவில் இறைச்சித் தொழிற்கூடங்களை ஒட்டிய பகுதியில் போலந்துக்காரர்கள், லித்துவேனியர்கள், அயர்லாந்துக்காரர்கள் என்று ஆளுக்கொரு தேவாலயம் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காமல் வாழ்ந்தார்கள். 1939-இல் ஜோசப் மீகன் என்ற பூங்கா மேற்பார்வையாளரும் சால் அலின்ஸ்கி என்ற சமூக அமைப்பாளரும் இந்தத் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் சேர்த்து ஒரே மன்றமாக ஆக்கினார்கள். எல்லோரையும் ஒன்றாக இழுத்தது பெரிய கொள்கை விளக்கம் அல்ல. கைக்குழந்தைகளின் உடல்நலம், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு போன்ற காரியங்கள்தான். எந்தத் தேவாலயத்துக்காரராக இருந்தாலும் அவர் வீட்டிலும் பிள்ளை இருந்ததே.

ஆகவே, எந்தத் தெருவும் தனியாகத் தீர்க்க முடியாத ஒன்றைத் தேடுங்கள். தண்ணீர், குப்பை, பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம், இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த இடத்துக்கு நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். எங்கள் சங்கத்தில் எல்லோரும் வயதான ஆண்கள். பெயர்ப்பலகை, நுழைவாயில், ஆண்டு விழா என்றே பேசுகிறார்கள். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்றேன். ‘பார்க்கலாம்மா’ என்று முடித்துவிட்டார்கள்.

நீ எழுதியதைப் படித்ததும் எங்கள் பழைய கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ‘பெண்கள் யாரும் வரவில்லை, ஆர்வம் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. என் கையெழுத்துத்தான். கூட்டம் மாலை ஏழு மணிக்கு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, தூங்க வைக்கிற நேரம். நானே ஒரு பெண்ணாக இருந்தும், என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அது எனக்கு உறைக்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றி, ஓரமாக ஒரு பாய் விரித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய வகுப்பு மாணவிகள் இருவரை வைத்தோம். முதல் ஞாயிறே பதினொரு பெண்கள் வந்தார்கள். அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து சொன்ன முதல் விஷயத்தை நாங்கள் யாரும் அதுவரை யோசித்ததே இல்லை. பள்ளி வண்டி நிற்கும் இடத்தில் நிழல் இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராக்ஸ்பரி என்ற பகுதி இருக்கிறது. அங்கே டட்லி தெருவைச் சுற்றி 1980-களில் வீடுகள் எரிந்தும் இடிந்தும் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள் காலியாகக் கிடந்தன. ஊர்க்குப்பையெல்லாம் அங்கே வந்து கொட்டப்பட்டது. 1984-இல் அறக்கட்டளைக்காரர்களும் தொண்டு நிறுவனத்தாரும் சேர்ந்து மறுசீரமைப்புக்கு ஒரு குழு அமைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் திட்டத்தை மக்கள்முன் வைத்தபோது, குடியிருப்பவர்களுக்கு அந்தக் குழுவில் மிகச் சில இடங்களே இருந்தன. “உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள்?” என்பதுதான் அங்கே எழுந்த கேள்வியின் சாரம். அமைப்பாளர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. திட்டத்தையே மாற்றி, குடியிருப்பவர்களுக்குப் பெரும்பான்மை கொடுத்தார்கள். அங்கிருந்த கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளின் வழியினர், வெள்ளையர்கள் என ஒவ்வொரு பிரிவுக்கும் சம இடங்கள். மக்கள் முதலில் கையில் எடுத்த போராட்டம் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சொல்லி. சட்டவிரோதமாக இயங்கிய குப்பைக் கிடங்குகள் மூடப்பட்டன. 1988-இல், காலி மனைகளைப் பொதுத் தேவைக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகம் அவர்கள் அமைப்புக்குக் கொடுத்தது. ஒரு குடியிருப்பு அமைப்புக்கு அப்படிப்பட்ட அதிகாரம் கிடைப்பது மிக மிக அபூர்வம்.

‘பார்க்கலாம்மா’ என்பதற்கு ஒரு பெயரே உண்டு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் எழுதிய கட்டுரையில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகக் காட்டினார். கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்டுக்கொண்டு, முடிவைத் தாங்களே எடுப்பது நடுப்படிகளில்தான் வருகிறது. முடிவில் பங்கு கிடைப்பது மேல் மூன்று படிகளில்.

நீ செய்ய வேண்டியது, தனியாகப் போகாமல் இருப்பது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளை ஒரு வாரம் மாலையில் சுற்றிப் பார். ‘பூங்கா வேண்டுமா?’ என்று கேட்காதே, எல்லோரும் வேண்டும் என்பார்கள். ‘நேற்று சாயங்காலம் உங்கள் பிள்ளை எங்கே விளையாடினான்?’ என்று கேள். ‘வீட்டுக்குள்ளேயே’ என்று எத்தனை வீட்டில் பதில் வந்தது என்று எண்ணிக்கொள். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல். பிறகு நிர்வாகக் குழுவில் இரண்டு இடம் கேள். ஒரு இடம் கொடுத்தால் வாங்காதே. ஒருத்தியாக உட்கார்ந்தால் மறுபடி அதே ‘பார்க்கலாம்மா’தான்.

கேள்வி: சாக்கடை, சாலை எல்லாம் அரசின் பொறுப்பு. நாமே பணம் போட்டுச் செய்யச் சொல்லும் தலைவர்கள், அரசைத் தப்பவிடுகிறார்கள் அல்லவா?

நியாயமான கேள்வி. ‘மக்கள் பங்களிப்பு’ என்று சொல்லி ஏழைகள் தலையில் சுமையை ஏற்றும் வேலையும் நடக்கத்தான் செய்கிறது. அதை ஒப்புக்கொண்டே இந்தப் பதிலைச் சொல்கிறேன்.

கராச்சியில் ஒரங்கி என்ற மிகப் பெரிய குடியிருப்பு, அரசு அங்கீகாரம் இல்லாமல் வளர்ந்தது. 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே ‘ஒரங்கி முன்னோடித் திட்டம்’ என்ற வேலையைத் தொடங்கினார். முதலில் அவர் செய்தது தெருத்தெருவாக நடந்து, மக்களுக்கு எது பெரிய தொல்லை என்று கேட்டது. கழிவுநீர் என்றார்கள். அரசுதான் இலவசமாகப் போட்டுத்தர வேண்டும் என்றும் சொன்னார்கள். அது நடக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், அவர் கழிவுநீர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் குழாய், சந்துகளைச் சேர்க்கும் குழாய் மூன்றும் ‘உள்வேலை’. அதை மக்கள் செய்வார்கள். பெரிய கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் ‘வெளிவேலை’. அதை அரசு செய்ய வேண்டும்.

20, 30 வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அலகு. சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரை மேலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தை வசூலித்ததும், வைத்திருந்ததும், செலவழித்ததும் அவர்களே. திட்டக்காரர்கள் அந்தப் பணத்தைக் கையாலும் தொடவில்லை. நில அளவை எடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள், கருவிகளை இரவல் கொடுத்தார்கள், எப்படிச் செய்வது என்று காட்டினார்கள். ஒப்பந்ததாரர் லாபம் இல்லை, வடிவமைப்பு எளிமை, ஆகவே செலவு அரசு மதிப்பீட்டில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று. ஒரு வீடு பணம் தராவிட்டால் என்ன செய்வது என்ற சண்டை சந்துக்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட்டது. 30 வீடு என்பது எல்லோருக்கும் எல்லோர் நிலைமையும் தெரிந்த அளவு. யாரால் முடியவில்லை, யார் நழுவுகிறார் என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

அரசைத் தப்பவிட்டார்களா? இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. உள்ளூர் இளைஞர்களுக்கு அளவை எடுக்கப் பயிற்சி கொடுத்து, எந்தச் சந்தில் மக்கள் என்ன செய்து முடித்திருக்கிறார்கள், அரசு எங்கே செய்யவில்லை என்று படம் வரைந்தார்கள். அந்தப் படங்களோடு அரசிடம் போனார்கள். மக்கள் தங்கள் பாதியை முடித்து நிற்கும்போது, மறுபாதியைச் செய்ய முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் எழாது.

உங்கள் தலைவர்கள் பணம் கேட்டால், எது உள்வேலை, எது வெளிவேலை என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிவேலைக்கு அரசிடம் எந்தத் தேதியில் மனு போயிற்று என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அந்தப் பாதி காலியாக இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குப்பை எடுக்கவில்லை என்று புகார் செய்தால், ‘எடுத்தாயிற்று’ என்று எழுதிப் புகாரை மூடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

வண்டியின் பின்னால் போங்கள். 1894 கோடையில் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் என்ற சமூக சேவகியும் அவரோடு ஹல் ஹவுஸ் இல்லத்தில் இருந்த பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சந்து சந்தாகச் சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறைகளைப் பதிவு செய்து சுகாதாரத் துறைக்கு அனுப்பினார்கள். மறுவருடம் அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக ஆடம்ஸே நியமிக்கப்பட்டார். விடியற்காலையில் எழுந்து வண்டிகள் போகும் வழியெல்லாம் தொடர்ந்து போனார். 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே அம்மையார்தான். உங்கள் பகுதியிலும் தெருவுக்கு ஒருவர், இரண்டு வாரம், தேதி, நேரம், படம். அதைச் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்புங்கள். தனித்தனிப் புகார்களை மூடுவது சுலபம்.

கேள்வி: கூட்டமைப்பு தொடங்கி ஆறு மாதத்தில் பணத்தகராறு. ஒருவரை ஒருவர் திருடன் என்கிறார்கள். காப்பாற்ற முடியுமா?

முடியும், இன்னும் பேசிக்கொள்கிறார்கள் என்றால்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர் பொதுக் கால்வாய், மீன்பிடி நீர், மேய்ச்சல் நிலம், காடு இவற்றைச் சண்டையில்லாமல் பல தலைமுறையாகப் பகிர்ந்துகொள்ளும் மக்களைப் பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்தார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அந்த மக்களிடம் அவர் கண்டவற்றில் மூன்றை உங்களுக்காக எடுத்துச் சொல்கிறேன். விதியைப் பயன்படுத்துகிறவர்களே போடுகிறார்கள். முதல் தப்புக்குச் சின்னத் தண்டனைதான், மறுபடி மறுபடி செய்தால்தான் பெரிது. சண்டை வந்தால் உடனே, செலவில்லாமல் போய்ப் பேச ஒரு இடம் இருக்கிறது.

உங்களிடம் இந்த மூன்றாவதுதான் இல்லை என்று நினைக்கிறேன். சந்தேகம் வந்தவருக்குக் கேட்க இடமில்லை, அதனால் தெருவில் நின்று ‘திருடன்’ என்கிறார். மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், பொருளாளர் ரசீதுகளைப் பரப்பி வைத்து உட்காரட்டும். யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம். பக்கத்தில் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லாத ஒருவர் இருக்கட்டும், எல்லோரும் மதிக்கிற ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை போல. எங்களிடம் முதல் மாதம் ஒன்பது பேர் வந்து ஒவ்வொரு ரசீதாகப் பார்த்தார்கள். நான்காம் மாதம் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் பொருளாளர் ரசீதுகளோடு வந்து உட்கார்ந்தார்.

கேள்வி: இதெல்லாம் பெரியவர்கள் விவகாரம். பிள்ளைகள் வாழ்க்கையில் உண்மையில் என்ன மாறும்?

சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டு ராபர்ட் சாம்ப்சன் என்ற சமூகவியலாளரும் அவர் தோழர்களும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேட்ட கேள்விகள் நம் வீட்டுத் திண்ணையில் கேட்பவை போலத்தான் இருக்கும். பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? சுவரில் கிறுக்கினால் கேட்பார்களா? அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றால் திரண்டு போவார்களா? ஒருவரை ஒருவர் நம்பி, இப்படித் தலையிடத் தயங்காத பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும் அந்த வேறுபாடு தெரிந்தது.

ஒரு பையனைத் தெருமுனையில் பார்த்து, “ஏன்டா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்று கேட்க வேண்டுமானால் அவன் யார் பிள்ளை என்று தெரிய வேண்டும். கேட்டதற்காக அவன் அப்பா சண்டைக்கு வரமாட்டார் என்ற தைரியமும் வேண்டும். வடிகால் ஓரமாக ஒன்றாக நடந்த பிறகுதான் மேல்தெருப் பிள்ளைகளின் பெயர்கள் எனக்குத் தெரிய ஆரம்பித்தன. தலைவர்கள் பேசாமல் இருக்கும் இடத்தில் பெரியவர்களுக்கு அடுத்த தெருப் பிள்ளைகளைத் தெரியாது. பிள்ளைகளுக்கோ நான்கு தெருவிலும் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

கேள்வி: 15 வருடமாகத் தலைவராக இருக்கிறேன். களைத்துவிட்டேன். விட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தக் களைப்பு எனக்குத் தெரியும். இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று கதவைத் தட்டுவார்கள், எழுந்து போவோம், வீட்டில் இருப்பவர்கள் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எந்த மனு எங்கே நிற்கிறது, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், பொதுக்கிணற்று மோட்டாரின் சாவி யாரிடம். நான் எழுதியபோது ஒரு நோட்டு முழுக்க வந்தது. அவ்வளவும் என் தலைக்குள் மட்டும் இருந்தது என்பதை நினைத்து வருந்தினேன். ஒருநாள் எனக்கு உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் நான்கு தெருவும் தவித்திருக்கும். பிறகு ஒருவரை அல்ல, இருவரைத் தேர்ந்தெடுங்கள். வேறு வேறு தெருவிலிருந்து. ஆறு மாதம் எங்கே போனாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசுவது அவர்களாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அதன்பின் கதவைத் தட்டுகிறவர்களுக்கு அவர்கள் வீட்டைக் காட்டுங்கள். முதலில் தப்பு நடக்கும். என்னிடமிருந்து பொறுப்பேற்ற பெண் முதல் மனுவையே தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள். ஓடிப்போய் நான் வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. இரண்டு வாரம் வீணாயிற்று, நான்காம் நாளே எனக்குத் தூக்கம் போயிற்று. அவளே கண்டுபிடித்து, அவளே போய் வாங்கி, சரியான இடத்தில் கொடுத்தாள். இப்போது அந்த அலுவலகத்தில் அவளைத்தான் தெரியும். போன மாதம் நான் போனபோது, யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள்.